சல்லடைக்குத் தெரிந்த குரல்

மஸ்கட்டில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் கிடந்த மடிக்கணினிக்குள் ஒரு சின்ன அலுவலகம் நடந்துவந்தது. திரையில் நடப்பதைப் படமும் ஒலியுமாகப் பிடித்து வைப்பது அதன் வேலை. மொத்தம் ஐந்து ஊழியர்கள். ஐந்து பேரும் கெட்டவர்கள் இல்லை. வேலைக்கு மட்டம் போட்டதில்லை, கொடுத்ததை அரைகுறையாக விட்டதும் இல்லை. அடுத்தவன் மேசையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவர்களிடம் கிடையாது.

அவர்களில் கடைசி ஆள் துள்ளி. திரையின் அடியில் ஓரமாகக் கிடக்கும் பச்சைப் பட்டை அது. ஒலி பெருத்தால் நீளும், சிறுத்தால் குறுகும், ஒன்றும் இல்லாவிட்டால் புள்ளியாகச் சுருண்டு கிடக்கும். வேறு எதுவும் செய்யத் தெரியாது. அலுவலகத்தில் இருப்பவர்களோடு அது பேசும். ஆனால் வெளியே இருக்கும் மனிதர்களிடம் சொல்ல அதற்கு வாய் இல்லை. அவர்களாகப் பார்த்தால்தான் உண்டு. அவர்கள் எங்கே பார்த்தார்கள்?

மற்ற நால்வரில் பெரியவர் பதிவாளர். சிவப்புக் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால், வருவதை எல்லாம் வாங்கிப் பெட்டியில் போடுவார். மைக், வீட்டுக்குள் பேசுவதைக் கேட்டு உள்ளே தரும். ஹெட்செட், வெளியூரிலிருந்து வரும் பேச்சை வீட்டுக்காரியின் காதில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாலாமவன் சல்லடை. அவன் அதுவரை மூலையில் சும்மாதான் இருந்தான். அவனை யாரும் கூப்பிட்டதில்லை.

வீட்டுக்காரி பெயர் செண்பகவல்லி. நிறைமாத கர்ப்பிணி. வயிற்றில் இருப்பது பெண் என்று அந்த ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். விமானம் ஏற முடியாது என்றும் சொல்லியிருந்தார்கள். அவளுடைய அப்பா பலவேசம், தூத்துக்குடி சந்தையில் நாற்பது வருஷம் வாழைத்தார் ஏலம் விட்டவர். மைக் இல்லாமல் சந்தையின் இந்த முனையில் நின்று கத்தினால் அந்த முனையில் லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்ட தொண்டையில் புற்று வந்துவிட்டது. வியாழக்கிழமை காலை மதுரையில் ஆபரேஷன். குரல்வளையை முழுசாக எடுக்கிறார்கள். அதன்பிறகு அவர் பேச மாட்டார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். பிறந்த பிள்ளையின் பெயரைத் தாத்தாதான் முதலில் அதன் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். அதுவரை அந்தப் பெயர் வேறு யார் காதிலும் விழக்கூடாது, பெற்றவள் காதில்கூட. பலவேசம் பெயரை எப்போதோ முடிவு செய்துவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"எழுதி அனுப்புனாப் போதாதா மாமா?" என்று மருமகன் மாரிராஜ் ஒருநாள் கேட்டுப் பார்த்தான்.

"எழுத்தக் காதுல எப்படி மாப்ளே ஊத்துதது?" என்றார் பலவேசம். அப்போதே அவர் குரலில் பாதி காற்றாகிவிட்டது. ஈயப் பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்க்கிற மாதிரி இருக்கும். வீட்டார் பழகியிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

ஆகவே, ஆபரேஷனுக்கு முதல்நாள் வீடியோ அழைப்பில் அவர் பெயரைச் சொல்வது, கணினித் திரையை அப்படியே பதிவு செய்து வைத்துக்கொள்வது, பிள்ளை பிறந்த பதினாறாம் நாள் அதன் காதில் ஓட்டுவது என்று முடிவாயிற்று. செண்பகவல்லிக்கு இந்த உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அப்பாவைப் போய்ப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, குரலையாவது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். அப்பாவை வீணாகப் பேசவைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மதுரை ஆஸ்பத்திரி வார்டில் அவர்கூட இருந்த செண்பகவல்லியின் தம்பி சிவசுப்புவைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். ஓட்டிப் பார்த்தால் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"என்னது இது, கிணத்துக்குள்ள விழுந்தவன் மாதிரி!" என்று செண்பகவல்லி பதறினாள்.

உள்ளே அலுவலகத்தில் விசாரணை நடந்தது.

"நான் வந்ததை அப்படியே வைத்தேன். என் பக்கம் குற்றம் இல்லை" என்றார் பதிவாளர். வாயைத் திறந்தால் அவருக்கு இதுதான் முதல் வரி.

"நான் வேலையே பார்க்கவில்லை, என்னை ஏன் பார்க்கிறீர்கள்?" என்றது மைக்.

எல்லோரும் ஹெட்செட்டைப் பார்த்தார்கள். அது கொஞ்சம் அசடு வழிந்தது. "என்னிடமும் ஒரு சின்ன மைக் இருக்கிறது. அம்மா அதில்தான் பேசினார்கள். எனக்கு இருப்பது ஒற்றை வழி. கேட்க மட்டும் விட்டால் அகலமாகத் திறந்துவிடுவேன். பேசவும் கேட்கவும் சேர்த்து என் தலையில் கட்டினால் இரண்டையும் இடுக்கி இடுக்கித்தான் அனுப்ப முடியும்."

"இதை முன்னாலேயே சொன்னால் என்ன?" என்றது துள்ளி.

"யாரும் கேட்கவில்லையே."

மாரிராஜ் எங்கெங்கோ தேடிப் படித்து இதைக் கண்டுபிடித்துவிட்டான். கெட்டிக்காரன்தான். பேசுவதற்குக் கணினியின் மைக், கேட்பதற்கு ஹெட்செட் என்று பிரித்து வைத்தான். மறுபடி சிவசுப்புவைப் பேசச் சொன்னார்கள். தகரம் போய்விட்டது. ஆனால் இப்போது இன்னொன்று தெரிந்தது. வார்டின் ஏசியும், மேலே ஓடிய பழைய மின்விசிறியும், பக்கத்துக் கட்டிலில் ஏதோ ஒரு கருவியும் சேர்ந்து, பேச்சுக்கு அடியில் ஓயாமல் கொர்ரென்று இரைந்துகொண்டிருந்தன.

"அப்பா குரலே அப்படித்தான். இதுல இந்த எரச்சலும் சேந்தா பிள்ளைக்கு என்ன கேக்கும்?" என்றாள் செண்பகவல்லி.

"பொறு. இதுக்கும் ஒண்ணு இருக்கு" என்ற மாரிராஜ், மூலையில் கிடந்த சல்லடையைத் தட்டி எழுப்பினான்.

சல்லடை வெள்ளை வெளேரென்று வந்து நின்றான். மரியாதைக்காரன். எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். பதிவாளர் மேசைக்குப் போகிற வழியில் அவனுக்கு நாற்காலி போட்டார்கள். வெளியூர்ப் பேச்சோ வீட்டுப் பேச்சோ, எதுவாக இருந்தாலும் அவனைத் தாண்டித்தான் துள்ளியிடம் வரும், பிறகு பெட்டிக்குள் போகும். ஹெட்செட்டுக்குப் போகும் வழி மட்டும் அவனுக்கு முன்னாலேயே பிரிந்துவிடும். அதாவது, வீட்டுக்காரி காதில் கேட்பது ஒன்று, பெட்டிக்குள் விழுவது இன்னொன்று. இந்த ஒரு விஷயம் மாரிராஜுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று துள்ளி கேட்டது.

"குரலையும் இரைச்சலையும் பிரிப்பேன்" என்றான் சல்லடை. "குரலை விடுவேன், இரைச்சலை நிறுத்துவேன். லட்சக்கணக்கான குரல்களைக் கேட்டுப் படித்து வந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்."

"யாருடைய குரல்கள்?"

"எல்லாம் நல்ல குரல்கள். செய்தி வாசிப்பவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், கதைப் புத்தகம் படித்துக் காட்டுகிறவர்கள்."

சோதித்துப் பார்க்க வேண்டுமே. அப்பாவைப் பேசச் சொல்லலாமா என்று மாரிராஜ் கேட்டான். செண்பகவல்லி ஒத்துக்கொள்ளவில்லை. "இருக்குத கொஞ்சக் குரல இதுக்குச் செலவழிக்கணுமா? நாளைக்கு அவரு பேசணும்லா?" என்றாள். சிவசுப்பு மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தான். கையில் இருந்ததை வைத்துச் சோதித்தார்கள்: ஒரு செய்தி வீடியோவை ஓட்டி, பக்கத்தில் மின்விசிறியையும் வேகமாகச் சுற்றவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். ஓட்டிப் பார்த்தபோது மின்விசிறியைக் காணோம். செய்தி வாசித்த பெண், மழை நிலவரத்தைக் கண்ணாடி போலச் சொன்னாள்.

"பாத்தியா!" என்றான் மாரிராஜ்.

செண்பகவல்லி வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். துள்ளிக்கும் சந்தோஷம், அதுவும் அன்று செய்திக்காரியின் குரலுக்கு நன்றாகத் துள்ளியிருந்தது.

புதன்கிழமை இந்திய நேரம் மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. பலவேசம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. முகச்சவரம் செய்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனைப் பார்த்துக் கழுத்தை நீட்டினார்.

"ஏட்டி செம்பகம், கேக்கா?"

"நல்லாக் கேக்குப்பா." ஹெட்செட்டில் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

"நாளைக்கு இந்நேரம் உங்கப்பன் ஊமப்பய."

"அப்படிலாம் சொல்லாதீங்கப்பா."

"சும்மா சொன்னேன். நாப்பது வருசம் கத்துனது போதும்." பிறகு அறையில் நின்ற மகனைப் பார்த்தார். "லேய் சுப்பு, வெளிய போ. கதவச் சாத்திட்டுப் போ. ஏட்டி, நீயும் காதுல இருக்கதக் கழத்திட்டு அங்கிட்டுப் போயிரு. மாப்ள இருக்காரா?"

"அவரு ஆபீஸ் போயிட்டாருப்பா. நான் மட்டுந்தான்."

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பதிவாளரின் கண் திறந்தது. "அப்பா, பதிவு ஓடுது. நான் பால்கனிக்குப் போயிருதேன். முடிச்சதும் கைய ஆட்டுங்க. கண்ணாடி வழியாப் பாத்து வந்திருவேன். சொல்லுங்கப்பா" என்றாள்.

அந்த வார்த்தைகளுக்குத் துள்ளி குதித்து எழுந்தது.

"சரி தாயி. போ" என்றார் பலவேசம்.

துள்ளி அசையவில்லை. எழப் பார்த்தது, எழவில்லை. தனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று முதலில் நினைத்தது. செண்பகவல்லி அந்த நேரத்தில் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் பார்த்தது அப்பாவின் முகத்தை. மறுநாள் அந்தத் தொண்டையில் கத்தி விழப்போகிறது. பச்சைப் பட்டையையா பார்ப்பாள் ஒருத்தி? ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து பால்கனிக்குப் போனாள். கண்ணாடிக் கதவை இழுத்து மூடினாள்.

பலவேசம் போனுக்கு அருகே குனிந்தார். உதடுகள் அசைந்தன.

துள்ளி புள்ளியாகவே கிடந்தது.

"சல்லடை, ஏதாவது வந்ததா?"

"வந்தது. இரைச்சல். நிறுத்திவிட்டேன்."

"அவர் பேசுகிறார்!"

"பேசினால் எனக்குத் தெரியாதா?" என்றான் சல்லடை, கொஞ்சமும் கோபப்படாமல். "குரல் என்றால் அதற்குள் ஒரு ராகம் இருக்கும், ஏறும், இறங்கும். இதில் வெறும் காற்றும் கரகரப்பும்தான் இருக்கிறது. அந்த மின்விசிறி வருகிறதே, அதன் கூடப் பிறந்தது மாதிரி."

"உதடு அசைவது தெரியவில்லையா?"

"உதட்டைப் பார்க்க எனக்குக் கண் கொடுக்கவில்லையே, தம்பி."

மேசைமேல் கிடந்த ஹெட்செட் அப்போது பேசியது. அதன் வழி சல்லடைக்கு முன்னாலேயே பிரிந்து வந்தது அல்லவா, அதற்கு எல்லாம் கேட்டது. "பெயரைச் சொல்கிறார்" என்றது. "ஒருதரம் சொல்லிவிட்டார். நல்ல பெயர்."

"என்ன பெயர்? சீக்கிரம் சொல்!"

"போய்விட்டது. அடுத்த ஓசை வந்ததும் முந்தியது என்னிடம் நிற்காது. இதோ ரெண்டாந்தரம் சொல்கிறார். சிரிக்கிறார். மூணு தரம் சொல்லுதது எனக்கென்ன புதுசா தாயி, ஆயுசு பூரா அதான செஞ்சேன் என்கிறார்."

துள்ளி பதிவாளரிடம் ஓடாத குறையாகக் கெஞ்சியது. "ஐயா, சல்லடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அப்புறம் யார் வேண்டுமானாலும் சலித்துக்கொள்ளட்டும்."

"அதற்கு உத்தரவு இல்லை" என்றார் பதிவாளர்.

"பெட்டிக்குள் வெறும் அமைதி விழுந்துகொண்டிருக்கிறது. உங்களுக்குத் தெரியவில்லையா?"

"அமைதி வந்தால் அமைதியை வைப்பேன். நான் வைக்கிறவன். கேட்கிறவன் இல்லை."

"மைக், நீயாவது சத்தம் போடு!"

"வீட்டில் யாரும் பேசவில்லையே. நானாக எதைச் சத்தம் போட?" என்றது மைக். அதற்கும் வருத்தம்தான்.

"மூணாந்தரமும் சொல்லிவிட்டார்" என்றது ஹெட்செட். "இப்போது பிள்ளைக்கு ஏலம் போட்டுக் காட்டுகிறார். சந்தையில் தாத்தா எப்படிக் கூவுவேன் தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கூவுகிறார். மூச்சு வாங்குகிறது. விடவில்லை, கூவுகிறார். நாட்டு வாழை, கோழிக்கூடு, சக்கை என்று வாழைத்தார் வகைகளை ஒவ்வொன்றாக."

துள்ளி அப்போது தன் வாழ்நாளில் செய்யாததைச் செய்யப் பார்த்தது. ஒலி இல்லாமலே எழுந்து நின்று சிவப்பாகிவிட வேண்டும், பால்கனியில் நிற்கிறவள் கண்ணில் படவேண்டும் என்று உயிரைக் கொடுத்து முண்டியது. ஒரு மயிரிழைகூட நகர முடியவில்லை. சல்லடை விட்டால்தான் அது அசையும். அப்படித்தான் அதைப் படைத்திருந்தார்கள்.

திடீரென்று அது தன்னால் எம்பிக் குதித்தது.

வார்டுக் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் எட்டிப் பார்த்திருந்தாள். "ஐயா, ரெண்டு மணி மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டாள். இளம் குரல், கணீரென்று.

"இதோ பார், இது குரல்" என்றான் சல்லடை. பெருமையோடு அதை விட்டான்.

பலவேசம் தலையாட்டி அவளை அனுப்பினார். மறுபடி குனிந்து ஏதோ சொன்னார். துள்ளி இரண்டு தரம் கேட்டபிறகு ஹெட்செட், "அது பிள்ளைக்குச் சொன்னது, நான் திருப்பிச் சொல்லக் கூடாது" என்றது. அதற்குள் அந்தச் சொற்களும் அதற்கு மறந்துபோயின.

ஆறு நிமிஷம் கழித்துப் பலவேசம் கையை ஆட்டினார். செண்பகவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து ஹெட்செட்டை மாட்டினாள்.

"சொல்லிட்டீங்களாப்பா?"

"சொல்லிட்டேன். கூடவே ஒரு லாரித் தாரும் ஏலம் விட்டாச்சு" என்றார் அவர். வியர்த்திருந்தது. ஆனால் அப்படி ஒரு நிம்மதி அந்த முகத்தில். பாரம் இறக்கியவர்போல் பின்னால் சாய்ந்துகொண்டார்.

மாரிராஜ் சாயங்காலம் வந்ததும், "ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவமா?" என்றான்.

"கைய எடுங்க. பேரு காதுல விழுந்துரும்."

"முதல் பத்து செகண்ட் மட்டும். அதுல உன் பேச்சுதான இருக்கும்?"

அதில் தப்பில்லை என்று அவளுக்கும் பட்டது. பத்தே பத்து விநாடி ஓட்டினார்கள். 'அப்பா, பதிவு ஓடுது. நான் பால்கனிக்குப் போயிருதேன்' என்று அவள் குரல் பிசிறில்லாமல் வந்தது. பின்னால் ஏசியும் இல்லை, மின்விசிறியும் இல்லை.

"ஸ்டுடியோ மாதிரி இருக்கு" என்றான் மாரிராஜ். நிறுத்தி, மூடி வைத்தான். இன்னும் இருபது விநாடி விட்டிருந்தால் போதும். மறுநாள் காலை ஆறு மணி வரை நேரம் இருந்தது. அப்பா விழித்துத்தான் இருந்தார். கேட்டிருந்தால் இன்னொரு தரம் சொல்லியிருப்பார். வழக்கத்தை மீறக்கூடாது என்று பயந்தார்கள், பாவிகள்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பதினொரு நாள் கழித்துப் பிள்ளை பிறந்தது. பதினாறாம் நாள் காலையில் தொட்டிலுக்குப் பூச்சுற்றி, பக்கத்தில் மடிக்கணினியை வைத்துத் தூத்துக்குடிக்கு அழைத்தார்கள். விசேஷம் முழுவதையும் பிடித்து வைக்க வேண்டும் என்று மாரிராஜ் பதிவையும் போட்டுவிட்டிருந்தான். பதிவாளர் கண்ணைத் திறந்தார். சல்லடை தன் நாற்காலியில் அமர்ந்தான். அவனை யாரும் எழுப்பி அனுப்பியிருக்கவில்லை.

பலவேசம் திரையில் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி. மடியில் எழுதி அழிக்கிற பலகை. பேத்தியைத் திரையில் காட்டியதும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பிறகு காதைத் தொட்டுக் காட்டினார். ஆரம்பி என்று அர்த்தம்.

செண்பகவல்லி போனில் அந்தப் பதிவைத் திறந்தாள். ஹெட்செட்டைப் போனோடு சேர்த்தாள். ஒரு பக்கத்தைப் பிள்ளையின் காதருகே பிடித்தாள், மறுபக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். பெயர் இருவருக்கும் ஒன்றாக விழட்டும் என்று ஆசை.

அவள் குரல் வந்தது. 'சொல்லுங்கப்பா' என்றது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.

அவள் காத்திருந்தாள். அப்பா யோசிக்கிறார் போலும் என்று நினைத்தாள். ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். போன் திரையில் அப்பா குனிகிறார், உதடு அசைகிறது, சிரிக்கிறார், கை தூக்கி ஏலம் விடுகிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது. காதில் அவருடைய மூச்சுகூட இல்லை.

'ஐயா, ரெண்டு மணி மாத்திரை போட்டாச்சா?'

பிள்ளை திடுக்கிட்டு இமை திறந்தது. அதன் காதில் விழுந்தது அது ஒன்றுதான். பிறகு மறுபடியும் வெறுமை, கடைசி வரை.

தூத்துக்குடியில் பலவேசம் திரைக்கு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கப்படி, பிள்ளை கேட்டதும் பெற்றவள் அந்தப் பெயரை ஊரறியக் கூப்பிட வேண்டும். தான் தேர்ந்தெடுத்த பெயரை மகள் வாயால் கேட்க அவர் ஒரு மாதமாகக் காத்திருந்தார். புருவத்தை உயர்த்தினார். பலகையில் அவசரமாக எழுதிக் காட்டினார்: "கூப்பிடு".

மாரிராஜ் செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தான். ஹெட்செட்டை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தான். அவன் முகமும் வெளுத்துவிட்டது. அவன் வாய் திறப்பதற்குள் அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்பா" என்றாள். "நீங்களே உங்க கையால எழுதிக் காட்டுங்க முதல்ல. போட்டோ எடுத்துக்கிடுதேன். பெறகு கூப்பிடுதேன்."

பலவேசத்துக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. 'கூப்பிடு' என்பதைக் கைத்துண்டால் துடைத்தார். ஏலச் சீட்டில் எழுதுவதைப் போலக் கொட்டை எழுத்தில் எழுதித் தூக்கிப் பிடித்தார்.

தங்கவடிவு.

செண்பகவல்லி பிள்ளையை எடுத்து நெஞ்சோடு அணைத்தாள். அதன் காதில் தானே மூன்று முறை சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "தங்கவடிவு!" என்று உரக்கக் கூப்பிட்டாள். திரையில் பலவேசம் சத்தமில்லாமல் சிரித்தார். தோள் குலுங்கியது. கழுத்துத் துணி காற்றில் உப்பி உப்பி அடங்கியது. அந்தக் காற்றின் ஓசை வந்தபோது சல்லடை வழக்கம்போல் நிறுத்தினான்.

துள்ளி புள்ளியாகச் சுருண்டது. சல்லடையிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

பலவேசம் இன்னொரு முறை பலகையைத் துடைத்தார். இந்தத் தடவை மெதுவாக, யோசித்து யோசித்து எழுதினார். திருப்பிக் காட்டும்போது, பள்ளிக்கூடத்தில் சரியா தப்பா என்று வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பிள்ளையின் பார்வை அவர் கண்ணில் இருந்தது.

"என் குரல் நல்லா இருந்துச்சாம்மா?"

செண்பகவல்லி அந்த எழுத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அப்படியே இருந்துச்சுப்பா" என்றாள். "சந்தையில கேட்டேன்லா, அதே குரலு. பிள்ள கேட்டுட்டுச் சிரிச்சா."

துள்ளி கடைசிவரை நீண்டு எழுந்தது. பதிவாளர் வாங்கிப் பெட்டியில் வைத்தார். சல்லடை அந்தப் பொய்யை ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் விட்டிருந்தான்.